இருநூற்றுப் பதினான்கு சிரித்த முகங்கள்

ஐயா, அந்த மின்விசிறிப் பெட்டியைக் கொஞ்சம் அங்காலே தள்ளினால் நானும் இருந்துவிடுவேன். நன்றி ஐயா. ஓம், ரவுணுக்குத்தான். கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு. இல்லையில்லை, வழக்கு ஒன்றும் இல்லை. இனி வந்தாலும் வரும்.

ஐயா, ஒரு உதவி. பஸ் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகும். அதற்கிடையில் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லட்டோ? நீங்கள் பதில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என் குரல் கேட்காவிட்டால் கையை மட்டும் உயர்த்துங்கள், போதும். என் குரல் மெல்லிசு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது நான் 'உள்ளேன்' என்று சொல்லியும் பாதி நாள் வராதவன் என்றே பதிந்துவிட்டார். பரிசளிப்பு விழாவில் ஒழுங்கான வரவுக்கான பரிசு எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாமல் விட்டதில்லை.

கொஞ்சம் எழுத்துத் தமிழாகக் கதைக்கிறேன் என்று சிரிக்காதேங்கோ. இன்றைக்குக் கச்சேரியில் ஒரு பெரிய அதிகாரிக்கு முன்னால் இதையே சொல்ல வேண்டும். அதுதான் பழகிப் பார்க்கிறேன்.

என் பேர் துவாரகன். ஆனால் ஈச்சமுறிப்பில் கேட்டால் 'சட்டத் தம்பி' என்றால்தான் தெரியும். ஈச்சமுறிப்பு தெரியுமோ? சந்தியில் இருந்து உள்ளே ஒன்பது மைல். ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலுக்குப் பக்கத்தில் இருநூறு குடும்பம். அவ்வளவுதான் ஊர். அந்த ஊருக்குச் சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுபோனவன் நான்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையாகவே அதுதான் என் உத்தியோகம். 'சட்டத்தின் ஆட்சி மேம்பாட்டுத் திட்டம்.' பதினான்கு நாட்டில் நடக்கிறது. பதினான்கு நாட்டுக்கும் ஒரே கைநூல். எங்களுடைய பிரதியில் எழுத்துத் தமிழ், படம் வேறு ஏதோ நாட்டுப் படம். முதலாம் பாடத்தில் ஒரு மனிதர் பனி மலையில் சடைமயிர் மாட்டோடு நிற்பார். 'சட்டத்தின் முன் எல்லோரும் சமம்' என்று அதற்குக் கீழே எழுதியிருக்கும். முதல் கூட்டத்தில் நான் சமத்துவத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். சனம் முக்கால் மணித்தியாலமும் அந்த மாடு எத்தனை போத்தல் பால் கறக்கும் என்று கதைத்தது.

அந்த முதல் கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மண்டபத்துத் திறப்புச் சாவி வைத்திருந்தவர்கள்.

கூட்டம் முடிகிற நேரம் மங்கை அக்கா எழும்பினா. மங்கையற்கரசி, மாதர் சங்கத் தலைவி. குளத்துக்கு நேர் கீழே இரண்டு ஏக்கர் வயல். அதை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. நெடுக வெயிலில் நின்ற முகம். கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பா.

"தம்பி, குளத்துக்கு மேல இருக்கிற மேட்டில ஒரு கம்பனி கிரவல் மண் வெட்டப் போகுதாம். மேட்டை வெட்டினால் குளத்துக்குத் தண்ணி வராது. இதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?"

நல்ல கேள்வி. ஆனால் வெளியே என்னை ஏற்ற வந்த ஜீப் இயந்திரத்தை நிற்பாட்டாமல் நின்றது. சாரதிக்குக் கோபம் வந்தால் திரும்பும்போது குழிக்குக் குழி விழுத்துவான். நான் சொன்னேன், "மிக முக்கியமான கேள்வி அக்கா. முதலில் எல்லோரும் இந்தத் தாளில் பேர், அடையாள அட்டை இலக்கம் எழுதி ஒப்பம் வையுங்கோ."

அது வரவுத்தாள் ஐயா. கூட்டத்துக்கு ஆர் ஆர் வந்தது என்று மேலிடத்துக்குக் காட்டுகிற தாள். அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டா. அதிகாரி மாதிரி உடுத்த ஒருவன் 'ஒப்பம் வையுங்கோ' என்று பதில் சொன்னான். முப்பது வருசமாக அந்தச் சனம் அடையாள அட்டை இலக்கம் எழுதி ஒப்பம் வைத்த தாளெல்லாம் ஏதோ ஒரு மனு, ஒரு பெட்டிசம்தான். காணியை விடச் சொல்லி, பிள்ளையைத் தேடித் தரச் சொல்லி, றோட்டுப் போடச் சொல்லி. அவர்களுக்குத் தெரிந்த தாள் அதுதான். ஒப்பத்தை வைத்துவிட்டு மங்கை அக்கா கேட்டா:

"இது மேல போகுமோ தம்பி?"

"போகும் அக்கா. முதல் கொழும்புக்கு, அங்கயிருந்து வெளிநாட்டுக்கு."

"வெளிநாட்டுக்கே!"

"ஓம் அக்கா. ஒவ்வொரு ஒப்பத்தையும் எண்ணுவினம்."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதைக் கச்சேரியிலும் சொல்லப் போகிறேன். ம்... வேண்டாம், அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு அறுபத்திரண்டு பேர். அதற்கடுத்ததற்கு நூற்றுப் பதினாறு. எனக்குத் தலைகால் தெரியவில்லை. என் குரலில் ஏதோ ஒரு மென்மை இருக்கிறது, அதுதான் சனத்தை இழுக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைக்கூடப் பார்த்தேன் ஐயா. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது ஒரு சொல்லும் கேட்டதில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. பின்வரிசைக் கதிர்காமு அண்ணை சொன்னார், "நாங்கள் உம்மட வாயைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். எப்ப மூடும், எப்ப தாள் வரும் எண்டு."

ஒருமுறை ஒப்பம் வைத்தவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்று கேட்பீர்கள். அதுவும் அவர்கள் படித்த பாடம்தான். ஒருக்கா போட்ட பெட்டிசம் கிடப்பில் கிடக்கும், திருப்பித் திருப்பிப் போட்டால்தான் அசையும்.

இனி முகங்களின் கதைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். கேட்கிறதுதானே?

அந்தத் தாளில் ஒப்பத்துக்குப் பக்கத்தில் மூன்று வட்ட முகம் இருக்கும். சிரித்த முகம், சும்மா இருக்கிற முகம், அழுத முகம். கூட்டம் பிடித்ததோ இல்லையோ என்று எழுத்தறியாதவரும் சொல்வதற்காக வெளிநாட்டில் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஒன்றுக்குச் சரி போட வேண்டும். அதற்கும் அங்காலே, தாளின் ஓரத்தில் ஒரு விரலளவு இடம். 'வேறு கருத்துகள்.' அதை நான் வாசிப்பதில்லை. கணினியில் பதிவதற்கு முகத்துக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

இரண்டாவது கூட்டம் முடிந்து தாளைப் பார்க்கிறேன், அறுபத்திரண்டும் அழுத முகம். கூட்டத்தில் கொடுத்த பணிஸ் பழசோ? மாட்டுப் படம் பிடிக்கவில்லையோ? ஓடிப்போய் மங்கை அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, என்ன இது? எல்லாரும் அழுத முகத்துக்குச் சரி போட்டிருக்கிறியள்?"

"பின்னை? குளம் போகப்போகுது எண்டால் சிரிக்கிறதே?"

குளம் என்றது என் காதில் விழுந்தது ஐயா. விழுந்தது. ஆனால் எனக்கு அப்போது முகங்களில்தான் யோசனை.

"அக்கா, அழுத முகம் போட்டால் மேல எடுக்க மாட்டினம். சிரிச்ச முகத்துக்குப் போடுங்கோ. அப்பத்தான் திட்டம் தொடர்ந்து நடக்கும்."

அக்கா கண்ணைச் சுருக்கி என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு திரும்பிச் சனத்துக்குச் சொன்னா, "இஞ்ச கேளுங்கோ. இனிமேல் எல்லாரும் சிரிச்ச முகத்துக்குப் போடட்டாம். இவ்வளவு காலமும் வெளிநாட்டுக்காரருக்கு அழுது காட்டி என்ன கண்டனாங்கள்? ஒருக்கா சிரிச்சும் காட்டிப் பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோசமான சனம் என்று அன்றைய அறிக்கையில் எழுதினேன்.

ஐந்தாவது கூட்டத்துக்கு இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். நடக்க மாட்டாதவர்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு சிரித்த முகம், ஒன்று பிசகவில்லை. அந்தக் கூட்டத்தோடு கைநூலும் முடிந்தது. முடிந்தது என்றால், ஏழாம் பாடத்தை விட்டுவிட்டேன். அது நீளம், தேத்தண்ணி ஆறிவிடும். அந்தப் பாடத்தின் தலைப்பைச் சொன்னால் இந்த பஸ்ஸில் இருந்து என்னை இறக்கிவிடுவீர்கள். பிறகு சொல்கிறேன்.

கிரவலுக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தரவும் என்று கச்சேரிப் பலகையில் அறிவித்தல் ஒட்டினது அதற்கடுத்த கிழமை. கிராம அலுவலர் விதானையாரும் ஊருக்கு வந்து சொல்லியிருக்கிறார். "நாங்கள் எப்பவோ போட்டிட்டம்" என்று சனம் அவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டது.

அந்த நேரம் நான் வெளிநாட்டில் நின்றேன். பதினான்கு நாட்டுக் கள உத்தியோகத்தர் மாநாடு. பெரிய விடுதி, கதவுக்கு அட்டையைக் காட்ட வேண்டும். என் அட்டை வேலை செய்யாமல் முதல்நாள் ஒரு மணித்தியாலம் வெளியில் நின்றேன், ஆரையும் கூப்பிடக் குரல் வரவில்லை. ஆனால் மேடையில் ஏற்றினார்கள். திரையில் என் வரைபடம், ஒன்பதில் தொடங்கி இருநூற்றுப் பதினான்குக்கு ஏறுகிற கோடு. கைதட்டினார்கள். கனநேரம் தட்டினார்கள். சரி, கனநேரம் இல்லை. ஆனால் தட்டினார்கள்.

மலைநாடு ஒன்றில் இருந்து வந்த ஒருவர், பனி விழுகிற ஊர், கிட்டத்தட்ட அந்த மாட்டுக்காரர்தான் என்று வையுங்கள், சாப்பாட்டு நேரம் என் பக்கத்தில் இருந்தார். "என் ஊரிலும் இப்படித்தான்," என்றார். "ஒவ்வொரு முறையும் கூட்டம் இரட்டிக்கிறது. ஒப்பம் வைக்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை." நாங்கள் இரண்டு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டோம்.

திரும்பி வந்தேன். இந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை திட்டத்தை மதிப்பீடு செய்ய இங்கெர் என்று ஒரு அம்மையார் வந்தா. நல்ல மனுசி. அந்த மண்டபத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தா. மங்கை அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டா, சட்டத்தைப் பற்றி என்ன படித்தீர்கள் என்று. நான்தான் மொழிபெயர்ப்பு.

அக்கா சொன்னா, "தம்பி, வடிவாய் மொழிபெயருங்கோ. எங்கட பெட்டிசம் இப்ப எந்த நாட்டில நிக்குது? முப்பது நாள் தவணையில இருபத்தேழு நாள் போட்டுது. இன்னும் ஒரு கடிதமும் வரேல்லை."

எந்தப் பெட்டிசம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த ஒப்பங்கள், அந்த உழவு இயந்திரம், அழுத முகங்கள். எல்லாம் ஒரு கணத்தில் விளங்கிவிட்டது.

அம்மையார் பேனையோடு காத்துக்கொண்டிருந்தா. இந்த இடத்தில் நான் உங்களுக்கு நல்லபிள்ளையாகத் தெரிய வேண்டும் என்று ஆசைதான். ஆனால் நான் சொன்னது இது: "திட்டத்தின் அடுத்த கட்டத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறாவாம்." அம்மையார் மகிழ்ந்து எழுதிக்கொண்டா. அக்கா என்னைப் பார்த்தா. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தான் சொன்னது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அடுத்தநாள் கச்சேரிக்கு ஓடினேன். மோட்டுத்தனமாக ஒரு நம்பிக்கை, எங்கள் வரவுத்தாள் பிரதி அங்கும் போனதுதானே, அதையே ஆட்சேபனையாக எடுக்கச் சொல்லலாம் என்று. கிளாக்கர் அம்மா ஈச்சமுறிப்புக் கிரவல் கோப்பை எடுத்துத் தந்தா. ஆட்சேபனை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஐந்தாம் கூட்டத் தாள் இருந்தது. அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தது.

"இது இந்தக் கோப்புக்குள்ள எப்பிடி அம்மா வந்தது?"

"நீங்கள்தானே தம்பி அனுப்பினீங்கள். 'ஈச்சமுறிப்பு மக்கள் கலந்துரையாடல்: வரவும் திருப்தியும்' எண்டு கடிதத்தில தலைப்புப் போட்டிருக்கு. ஈச்சமுறிப்பு எண்டு வந்தால் ஈச்சமுறிப்புக் கோப்புக்குள்ளதானே போடுறது. இப்ப திறந்து கிடக்கிற ஈச்சமுறிப்புக் கோப்பு இது ஒண்டுதான்." பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பாராட்டினா. "நான் சேவைக்கு வந்து இருபத்திரண்டு வருசம். ஒரு திட்டத்துக்கு இவ்வளவு சனம் சிரிச்ச முகத்தோட ஒப்பம் வைச்சு நான் காணேல்லை. நல்ல வேலை செய்திருக்கிறியள்." கிரவலுக்கு ஊரே சிரித்துச் சம்மதித்த மாதிரித்தான் அது அந்தக் கோப்பில் கிடந்தது.

எங்கள் தாள் நீளத் தாள். போட்டோக் கொப்பி எடுத்தவன் சின்னத் தாளில் எடுத்திருக்கிறான். யார் அவன் என்று கேட்காதேங்கோ, நான்தான். ஓரம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அலுவலகத்துக்கு வந்து மூலத்தாளை எடுத்து முதல்முறையாக அந்த ஓரத்தை வாசித்தேன். விரலளவு இடத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்கள். 'குளத்து மேட்டை வெட்ட விடாதேங்கோ.' 'வயலுக்குத் தண்ணி வேணும்.' 'ஐயாமாரே, மேட்டில் கைவைக்க வேண்டாம்.' ஒருவர் எழுதத் தெரியாமல் குளத்தைப் படமாகக் கீறி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிரித்த முகத்தில் ஒரு சரி.

வியாழக்கிழமை, நேற்று, ஊருக்குப் போனேன். மண்டபத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். ஒருவரும் கத்தவில்லை ஐயா. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிர்காமு அண்ணை மட்டும் கேட்டார், "அப்ப, நாங்கள் இவ்வளவு நாளும் வைச்ச ஒப்பம் எதுக்கு?"

"நீங்கள் வந்தனீங்கள் எண்டதுக்கு, அண்ணை."

"நாங்கள் வந்தது எங்களுக்குத் தெரியுந்தானே."

மங்கை அக்கா கேட்டா, "எத்தினை நாள் கிடக்கு?"

"நாளைக்கு நாலு மணி வரைக்கும்."

"எழுதும்."

அதுவரை அக்கா என்னை 'நீங்கள்' என்றுதான் சொல்வா. நேற்றில் இருந்து 'நீர்'. நெருங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

நான் அரைமணித்தியாலத்தில் அழகான கடிதம் ஒன்று எழுதினேன். எழுதி முடித்துத் தாளை நீட்டினேன், ஒருவரும் கைநீட்டவில்லை. "வாசியும்," என்றா அக்கா. வாசித்தேன். "பின்னுக்குக் கேக்கேல்லை!" என்று ஒரு குரல். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப வாசித்தேன். 'சூழலியல் சமநிலை' என்றால் என்ன என்று கேட்டார்கள். வெட்டச் சொன்னார்கள். மேட்டின் எல்லை பிழை என்றார்கள். எந்த வாய்க்காலால் தண்ணீர் வருகிறது என்பதை எழுதச் சொன்னார்கள். நாலுதரம் எழுதினேன், நாலுதரம் வாசித்தேன். கடைசித் தரம் என் தொண்டை கிழிந்தது. நான் எழுதினதில் மிஞ்சியது 'கனம் ஐயா' என்பது மட்டும்தான்.

ஏழாம் பாடத்தின் தலைப்பை இப்போது சொல்கிறேன். 'வாசி, கேள், பிறகு ஒப்பமிடு: உரிய காலத்துக்குள் ஆட்சேபனை செய்வது எப்படி?' அந்தப் பாடத்தை நேற்று ஈச்சமுறிப்பில் நடத்தினார்கள். படித்தது நான்.

ஒப்பம் வைத்தது நூற்று முப்பத்தொரு பேர். மிச்சப் பேர் வைக்கவில்லை. "இனி எந்தத் தாளிலும் கைவைக்க மாட்டம்" என்று எழும்பிப் போய்விட்டார்கள். அதில் அந்தக் குளத்தைக் கீறினவரும் ஒருவர். இருநூற்றுப் பதினான்கில் இருந்து நூற்று முப்பத்தொன்று. வரைபடத்தில் போட்டால் சரிவு. மாநாட்டில் காட்டினால் ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

அந்த மலைநாட்டுக்காரருக்கு நேற்று ஒரு செய்தி அனுப்பினேன். 'எதற்காக ஒப்பம் வைக்கிறீர்கள் என்று உங்கள் சனத்திடம் ஒருமுறை கேளுங்கள்.' பார்த்துவிட்டார், நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் இல்லை.

புதுக் கடிதம் எங்கே என்று என் பையைப் பார்க்கிறீர்கள். இதில் இல்லை ஐயா. அந்தா, சாரதிக்குப் பின்சீற்றில், பச்சைச் சேலை, மடியில் உரப்பை. அதுதான் மங்கை அக்கா. கடிதத்தை அவவே வைத்திருக்கிறா. என்னில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பாரமில்லைத்தானே, அதனால்தான். என் பையில் இருப்பது பழைய மூலத்தாள்கள். ஓரம் வெட்டுப்படாதவை. அலுவலகத்து அலுமாரியில் இருந்து கேட்காமல் எடுத்து வந்தவை. மேலாளர் காலையில் இருந்து ஐந்துதரம் போன் எடுத்துவிட்டார். இதுதான், மறுபடியும் அவர். அடிக்கட்டும்.

"புதுக் கடிதம் ஒரு பக்கம்," என்று அக்கா சொன்னா. "ஆனால் அந்தக் கோப்புக்குள்ள நாங்கள் இன்னும் சிரிச்சுக்கொண்டு கிடக்கிறம். அதை எடுக்க வேணும். அதை நீர்தான் சொல்ல வேணும். மேசைக்கு அங்கால இருக்கிறவருக்குக் கேக்கச் சொல்ல வேணும். பஸ்ஸில ஆருக்கும் ஒருக்கா சொல்லிப் பாரும், குரல் வருதோ எண்டு." அதுதான் உங்களைப் பிடித்தேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குளம் போகும். இப்படி வைத்துப் பார்த்தால் கணக்கு லேசு. ஆனால் எனக்கு அந்த வேலை மட்டும்தான் இருக்கிறது. அவவுக்கு அந்த வயல் மட்டும்தான்.

மணிக்கூட்டுச் சந்தி வந்துவிட்டது. அடுத்த தரிப்பு கச்சேரி. அதிகாரிக்கு முன்னால் நின்று நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஐயா, அந்தச் சிரிப்பு அவர்களுடையது இல்லை, நான்...

என்ன ஐயா? ஏன் கையை உயர்த்துகிறீர்கள்? இவ்வளவு நேரமும் உயர்த்தவில்லையே. இந்த இடம் மட்டுமோ கேட்கவில்லை?

சரி. திருப்பிச் சொல்கிறேன். அந்தச் சிரித்த முகம் நான் போடச் சொன்னது.

இன்னும் கையை இறக்கவில்லையே. சரி ஐயா, சரி.

அந்தச் சிரித்த முகம் இருநூற்றுப் பதினான்கும் நான் போடச் சொன்னது! சனம் போட்டது அழுத முகம்! பிழை என்னுடையது!

ஐயோ, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நடத்துநரும் விசிலை வாயில் வைத்தபடி நிற்கிறார். அக்காவும் திரும்பிவிட்டா.

"கேட்டது தம்பி. எழும்பும். அங்கையும் இதே குரல்தான்."

வருகிறேன் ஐயா. பெட்டியை இனிமேல் இந்தப் பக்கம் இழுத்து வையுங்கோ. இவ்வளவு நேரமும் கேட்டதற்கு நன்றி. இல்லையில்லை, பேனை எடுத்தது சட்டைப் பையில் கொழுவ. நீங்கள் ஒப்பம் ஒன்றும் வைக்கத் தேவையில்லை.